இரண்டு இடத்தில் இருக்கிற படம்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். ஜமுனாமரத்தூர் சந்தையில் தேன் வாங்கினால் தீக்குச்சியை அதில் தோய்த்து உரசிப் பார்த்த பிறகுதான் பாட்டில் என் பைக்குள் போகும். கேஸ் சிலிண்டரை இறக்கிவைப்பவர் வாசலைத் தாண்டுவதற்குள் அதைத் தராசில் ஏற்றியிருப்பேன். "கோயில்ல குடுக்குற விபூதியகூட மோந்து பாத்துட்டுதான் பூசுவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை.

மலையில் ஒரு சின்ன தரும ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. சொந்த ஊர் ஒடுகத்தூர். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவிக் கம்பியில் காயப்போடுவோம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். எடுத்த படம் நேராக என் மேஜைக்கு அடியில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போய்விடும். சர்வர் என்று அதற்குப் பெயர். அதற்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு டிஸ்க். மேலே எழுதுவது அப்படியே கீழேயும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும் என்று பொருத்தியவர் சொல்லிவிட்டுப் போனார். மனிதர்கள் யாரையும் நம்பாத எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. ஃபிலிமைக் கையில் கொடுங்கள் என்று கேட்டவர்களையெல்லாம், "உங்க வூட்ல எலி கடிக்கும், ஆடு மிதிக்கும். இங்க ரெண்டு எடத்துல இருக்குது, தொலையாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அந்த ஆவணியில் பெட்டி நிரம்பிவிட்டது. பழைய படங்களை அழிக்கலாமா என்று கேட்டார் டாக்டர். சின்ன வயசுக்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கூடாது என்றேன். அப்படியானால் பெரிய டிஸ்க் போடலாம் என்று அவரே வாணியம்பாடியிலிருந்து ஒரு பாயை வரவழைத்தார். தோல் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், ஐம்பது வயது இருக்கும். காலை பஸ்ஸில், இரண்டு புது டிஸ்க்கையும் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

துண்டைப் பிரித்ததும் நான் பார்த்தது அட்டைப்பெட்டியின் சீலைத்தான். இரண்டிலும் சீல் அறுந்திருந்தது.

"இன்னா பாய், பிரிச்ச பெட்டியா இருக்குதே?"

"நான்தான் மேடம் பிரிச்சேன். ரெண்டு நாள் ஓட்டிப் பாக்காம புது டிஸ்க்க மலை ஏத்துவேனா?"

கடைக்காரர்கள் எல்லாரும் இப்படி ஏதாவது ஒன்று சொல்வார்கள். நான் நம்பவில்லை.

செய்யப்போவதை அவர் விளக்கினார். பெட்டியை நிறுத்திவிட்டு ஒரு பழைய டிஸ்க்கை எடுப்பார். அந்த இடத்தில் புதுசைச் செருகுவார். மிச்சமிருக்கும் பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாம் புதுசுக்கு ஏறும். அது முடிந்ததும் அடுத்த பழசையும் மாற்றுவார். "நடுவுல கொஞ்ச நேரம் எல்லாம் ஒரே டிஸ்க்லதான் இருக்கும் மேடம். அதனால மொதல்ல தனியா ஒரு காப்பி எடுத்துக்கலாம்" என்று பையிலிருந்து கைக்கு அடக்கமான இன்னொரு டிஸ்க்கை எடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை ஆயிரம் பேருடைய நெஞ்சையும் இடுப்பெலும்பையும் இவர் டிஸ்க்கில் ஏற்றி மலையிறக்கிக் கொண்டுபோகவா?

"காப்பிதான் ரெண்டு இருக்குதே, எதுக்கு மூணாவது?"

"அது காப்பி இல்ல மேடம், கண்ணாடி. இங்க அழிச்சா அங்கயும் அழியும்."

"தேவையில்ல."

"சரி, பாஸ்வேர்டாவது குடுங்க. ரெண்டு டிஸ்க்கும் ஒழுங்கா இருக்குதான்னு உள்ள போய் பாத்துடறேன்."

"வெளியிலயே பச்சை லைட்டு எரியுதே, தெரியல? எல்லாம் நல்லாதான் ஓடுது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் அறை வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். "அக்கா சொல்ற மாதிரியே செய்ங்க" என்று அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லிவிட்டார். பாய் பெட்டியை நிறுத்தி, மேலே இருந்த டிஸ்க்கை உருவினார். அதை அவர் தன் பைப்பக்கம் கொண்டுபோகும் முன் நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். படம் எடுக்கும்போது போட்டுக்கொள்ளும் ஈய ஏப்ரனை மாட்டும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினேன். அவர் புதுசைப் பொருத்தி, பெட்டியை ஓடவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரே என் அறைக்கு வந்தார். பின்னாலேயே ஒரு பெண். அன்று காலை முதலாவதாக நான் படம் எடுத்தது அவளுக்குத்தான். பதினைந்து நாளாக இருமல். இரண்டு மலை தாண்டியிருக்கும் ஊரில் சாமை பயிரிடுகிறாள். புருஷன் கேரளாவில் வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஆடுகளும் இவள் பொறுப்பு.

"வலது பக்கம் மேல ஒரு புள்ளி இருக்கு அக்கா" என்றார் டாக்டர். "பழைய தழும்பா, புதுசா வந்ததான்னு தெரியல. போன வருஷம் தை மாசம் இங்க ஒரு படம் எடுத்தாங்களாம். அதை எடுங்க. அதுலயும் இதே மாதிரி இருந்தா பயமில்ல. இல்லன்னா வேலூர் போய் நெஞ்சுல ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும்."

"நா கீழ போவ மாட்டேன் யக்கா" என்றாள் அவள் என்னிடம். "எங்க அண்ணன் இப்பிடிதான் கீழ போச்சி. துணி சுத்தி எடுத்தாந்தாங்க."

பாய் நகர்ந்து வழிவிட்டார். நான் அவள் பெயரை அடித்துத் தேடினேன். இல்லை. ஊர்ப் பெயரைப் போட்டேன். இல்லை. காலையில் எடுத்த படத்தையே காணோம். பட்டியலை முழுசாகத் திறந்தேன். அந்தத் தைக்கு முந்தைய கார்த்திகையோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு எடுத்த ஒரு படமும் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் நான் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் எடுத்த அத்தனையும் போயிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "எங்க படத்தையெல்லாம் இன்னா பண்ணீங்க? பிரிச்ச டிஸ்க்க எடுத்தாந்தப்பவே நெனச்சேன்!" என்று டாக்டர் முன்னாலேயே, அந்தப் பெண் முன்னாலேயே கத்தினேன். திருட்டு வேலை என்றுகூடச் சொன்னேன்.

பாயின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. முதல் வேலையாகப் பெட்டியை நிறுத்தினார். "உள்ள இருக்குறத நான் தொடவே இல்ல டாக்டர். கீழ் டிஸ்க்கு எப்பவோ எழுதறத நிறுத்தியிருக்கணும். மேடம், பீரோவுல வெச்சீங்களே, அத குடுங்க. போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்."

"குடுக்க மாட்டேன். இதையும் அழிக்கவா?"

"அப்போ இத சொல்லுங்க. ஒரு டிஸ்க்கு நின்னாலே இந்தப் பொட்டி கத்தணும். இப்ப ஒண்ண உருவி வுட்டு ஓட்டினேனே, அப்பவும் கத்தல. இதுக்கு முன்ன எப்பவாவது கத்திச்சா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கார்த்திகை மழையில் பெட்டிக்குள் எறும்பு ஏறியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ் டிஸ்க்கை உருவி, பிரஷ்ஷால் தட்டி, திரும்பச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன். மறுநாளிலிருந்து பெட்டி விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. இங்கே கரண்ட் ஆடும் ஆட்டத்தில் கத்தாத சாமான் எது? ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் அதன் பின்பக்க ஓட்டையில் பஞ்சை அடைத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். செய்தது தப்போ என்று அன்றைக்கே மனசு உறுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை. நாளாக ஆக மறந்தும் போனேன்.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தினதே இல்ல" என்றேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டு என் மேஜையிலேயே உட்கார்ந்தார். "சரி அக்கா, மத்தத அப்புறம் பாப்போம். இவங்க மத்தியான பஸ்ஸ விட்டா வேலூருக்கு நாளைக்குத்தான்" என்று கடிதம் எழுதத் தொடங்கினார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

அவள்தான் பேசினாள். என்னை மாட்டிவிடுகிற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

"இன்னா யக்கா, மறந்துட்டியா? தையில நா வந்தப்ப குருவி மாதிரி கத்தினே இருந்துச்சே. மூச்சு அடக்குன்னு நீ சொல்ற, அது கத்துது, நா பயந்து மூச்ச வுட்டுட்டேன். ரெண்டு வாட்டி படம் எடுத்த. அப்பறம் நீதான பஞ்சு வெச்சி அடைச்ச?"

பேனா நின்றது. பாய் கீழே குனிந்து, பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்துத் திருப்பினார். பழுப்பேறிய பிளாஸ்திரி அங்கே இருந்தது. என் மேஜைமேல் இருந்த சுருளும் அதே ரகம். அதை உரித்தார்; பஞ்சும் கூடவே வந்தது. திரும்ப ஓடவிட்டதும் பெட்டி கீச்கீச்சென்று அறை முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

"இதேதான்" என்றாள் அவள்.

"நான்தான் டாக்டர்" என்றேன். "எறும்பு வந்துதுன்னு ஓடும்போதே கீழ் டிஸ்க்க உருவினேன். பஞ்சையும் நான்தான் வெச்சேன். பாய் மேல ஒண்ணும் இல்ல." பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்துப் பாய் கையில் கொடுத்தேன்.

பாய் பெட்டியை நிறுத்திவிட்டு, கீழ் டிஸ்க்கையும் புதுசையும் எடுத்து ஓரமாக வைத்தார். பீரோவில் இருந்ததை மட்டும் போட்டு ஓடவிட்டார். பட்டியல் விரிந்தது. கார்த்திகை தாண்டியது, மார்கழி தாண்டியது. தையில் அவள் பெயர் இருந்தது. கடைசி வரியில் அன்று காலையில் எடுத்த படமும் இருந்தது.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலது பக்கம், மேலே, அதே இடம். திரையிலேயே அளவெடுத்தார். மறுபடி ஒருமுறை அளவெடுத்தார். "ஒரு மில்லிகூட வளரல. பழைய தழும்புதான்" என்று சொல்லிவிட்டு, பாதி எழுதிய கடிதத்தைக் கிழித்தார். "கீழ போக வேணாம்மா. இருமலுக்கு மருந்து தர்றேன். ஆறு மாசம் கழிச்சு வந்து இன்னொரு படம் எடுத்துக்குங்க."

அவள் அழுதாள் என்று எழுதினால் பொய். "களையெடுப்பு பாதியில கெடக்குது" என்றாள்.

டாக்டர் போகும்போது, "பாய்கிட்ட பேசுங்க அக்கா" என்று மட்டும் சொன்னார். எப்படிப் பேசுவது? மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் சட்டென்று மன்னித்துவிடவில்லை. நானாக இருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன். "அத்தன பேர் முன்னாடி திருட்டு வேலைன்னு சொன்னீங்க மேடம். இருபத்தஞ்சு வருஷமா இந்த வேல செய்யறேன், ஒருத்தர் சொன்னதில்ல" என்றார். பிறகு கீழே கிடந்த பஞ்சை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இப்பவாவது பாஸ்வேர்ட் குடுப்பீங்களா?"

ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தேன். முதலில் தனியாகக் காப்பி எடுக்கப்போவதாகவும், அது முடியாமல் புது டிஸ்க்கைத் தொடப்போவதில்லை என்றும் சொன்னார். எடுத்த காப்பியை என்னிடமே விட்டுப்போவாராம், தனக்கு அது எதற்கு என்று கேட்டார். காப்பி ஓட ஆரம்பித்தது. நூற்றில் மூன்று, நூற்றில் நான்கு என்று திரையில் நகர்ந்தது.

அந்தப் பெண் மருந்து வாங்கிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போக என் அறைக்கு வந்தாள். நான் அவளுடைய இரண்டு படத்தையும் ஃபிலிமில் போட்டு எடுத்து, பெரிய காகித உறைக்குள் வைத்து நீட்டினேன். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு யக்கா? எங்க வூட்ல எலி கடிக்கும். நீயே வெச்சிக்க, உங்கிட்டதான் ரெண்டு எடத்துல இருக்குதே."

குத்தலாகச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். என் புத்தி அப்படி. ஒன்றும் இல்லை. தையில் நான் சொன்னதை அவள் அப்படியே நம்பி, அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். நான் அதைச் சொன்ன அன்றைக்கே அவள் படம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

திரையைப் பார்த்தேன். நூற்றில் ஆறு.

"இல்லம்மா" என்றேன். "இப்ப ஒரே எடத்துலதான் இருக்குது. எடுத்துக்கினு போ."

அவள் உறையை வாங்கினாள். மடங்காமல் இருக்க மருந்துப் பையையும் அதையும் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.