மாடி ஜன்னலும் எலிவேஷனும்

எங்கள் பாத்திரக் கடை இருக்கும் தெருவை இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு, அங்கே பழைய கட்டடமே கிடையாது என்று தோன்றும். உண்மையில் பாதிக்கு மேல் பழசுதான். சுண்ணாம்புச் சுவரும் தேக்கு உத்தரமும் அப்படியே இருக்க, முன்னால் மட்டும் இரும்புச் சட்டம் அடித்து, பளபளவென்று அலுமினிய ஷீட்டை ஒட்டி மூடிவிட்டோம். இதற்கு எலிவேஷன் என்று பெயர். கிழவனுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டிவிட்ட மாதிரி இருக்கு என்று முதலில் கிண்டலடித்தவன் நான்தான். அந்த ஷீட்டுகளுக்குப் பின்னால் எத்தனை ஜன்னல்கள் கிடக்கின்றன என்று இப்போது தெருவில் நடக்கும்போதெல்லாம் எண்ணத் தோன்றுகிறது.

பக்கத்தில் மக்ரோன் மிட்டாய் விற்கிற கடைக்காரர் சிவப்பு ஷீட் போட்டார். எதிரே செல்போன் கடை நீலத்தில் போட்டது. நடுவில் காரை பெயர்ந்து நின்ற எங்கள் கடையைப் பார்க்க எனக்கு மானம் போனது. போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

மாடியில் அக்கா இருந்தாள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அத்தான் இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாததால் இங்கே வந்துவிட்டாள். நான் மில்லர்புரத்தில் வீடு கட்டிக் குடும்பத்தோடு போனபோது எவ்வளவோ கூப்பிட்டேன், வரவில்லை. மாடியில் தெருவைப் பார்த்து ஒரே ஒரு பெரிய ஜன்னல் உண்டு. மேலே அரைவட்ட வளைவு, அதில் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடி. முழங்கால் வலி அக்காவைப் படியிறங்க விடாது. சமையல் முடிந்ததும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மாதா கோயில் திருவிழாக் கூட்டம், உப்பு லாரி, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள், யார் கடையில் வியாபாரம், யார் கடையில் ஈ ஓட்டுகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மத்தியானம் கடற்காற்றும் அந்த வழியாகத்தான் வரும்.

அளவெடுக்க ஆள் வந்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஏலே, இந்த ஜன்னல மட்டும் விட்டுரச் சொல்லு.”

“நடுவுல ஓட்டை விட்டா நல்லாவாக்கா இருக்கும்? பேர் எழுதுத இடமே அதான். உனக்கு ஏசி போட்டுத் தாரேன்.”

“ஏசில தெரு தெரியுமாலே?”

“டிவி இருக்குல்லா, அதப் பாரு.”

அவள் மேற்கொண்டு பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

ஷீட் ஏறியது. சாம்பல் நிறம், நடுவில் பொன்னெழுத்து. ஜன்னல் கம்பிக்கு ஒரு சாண் வெளியே ஷீட்டின் முதுகு. மாடியில் பகலிலும் டியூப்லைட் எரிந்தது. அப்படியும் அக்கா நாற்காலியை நகர்த்தவில்லை. மத்தியானம் நான் சாப்பிட மேலே போவேன். பின்கட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, “தகரத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கியேக்கா” என்பேன். சிரிப்பாள். ஒரு நாள்கூட நான் ஜன்னல் பக்கம் போய் நின்றதில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். தெருவில் நின்று கடையின் அழகை ரசித்துக்கொண்டிருந்தபோது, பொன்னெழுத்துக்குக் கீழே கொண்டைக்கடலை அளவில் ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. திருகாணி கழன்று விழுந்த இடம் என்று நினைத்தேன். ஷீட் போட்டவனைப் போனில் பிடித்து ஏசு ஏசென்று ஏசினேன். மறுநாளே ஏணியோடு வந்து சிலிக்கான் பசை வைத்து அடைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரம் முழுக்க அக்கா சரியாகப் பேசவில்லை. கால்வலி போலும் என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து, சீர்ப் பாத்திரம் எடுக்க ஒரு கல்யாணக் கூட்டம் கடையில் நின்றபோது, மேலேயிருந்து டங் டங்கென்று சத்தம் வந்தது. படியடியில் போய்க் கத்தினேன்.

“யெக்கா, என்னத்தப் போட்டுத் தட்டுத அங்கன? கீழ ஆளுவ நிக்காவல்லா!”

சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் வரவே இல்லை.

அடுத்த வருஷம் அக்கா போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மாடியைப் பூட்டிப் போட்டேன்.

போன மழைக்காலத்துக் காற்றில் எங்கள் ஷீட்டுகள் பிய்ந்து தொங்கின. கழற்ற ஆள் வந்தபோதுதான் மாடியைத் திறந்தேன். ஜன்னல் கதவுகள் உள்பக்கமாகத் திறந்தே கிடந்தன. வெகு நாளைக்குப் பிறகு தெரு தெரிந்தது. ஜன்னல் திண்டில் ஒரு நீள ஆணியும், அக்கா வெற்றிலை இடிக்கிற இரும்பு உலக்கையும் இருந்தன. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்த டங் டங் சத்தம் நினைவுக்கு வந்தது.

கீழே இறங்கிப் போய், கழற்றிப் போட்டிருந்த ஷீட்டைத் திருப்பச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற இடத்தில் அந்த ஓட்டை, உள்ளேயிருந்து ஆணியால் குத்தியது. நான் அடைக்கச் சொன்ன சிலிக்கான் அதில் கெட்டிப்பட்டுக் கிடந்தது. சுற்றிலும் நகத்தால் சுரண்டிய கீறல்கள்.

“புது ஷீட்டு என்ன கலர் போட அண்ணாச்சி?” என்று கேட்டான் வேலையாள். ஓட்டைக்கு இரண்டு விரல் தள்ளி இன்னொரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி ஷீட்டின் பாதிக் கனம்வரை இறங்கியிருந்தது, மறுபக்கம் வரவில்லை. இன்னும் நாலு தட்டுத் தட்டியிருந்தால் அவளுக்குத் தெரு தெரிந்திருக்கும்.