நானா கடை விலாசம்

சைப்ரஸில் நான் பார்த்துக்கொண்ட கிழவியம்மாவுக்கு ஒரு மகன். கெட்ட மனுஷன் இல்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் என் சம்பளத்தைத் தன் கணக்கிலேயே வைத்திருப்பார். மாதக் கடைசியில் நான் போய் நின்றால், "எவ்வளவு வேண்டும்? எதற்கு?" என்று கேட்பார். அந்த 'எதற்கு' என்னை முள்ளாகக் குத்தும். அம்மாவின் மருந்துக்கு, தங்கச்சி பிள்ளை பள்ளிக்குப் போடும் சப்பாத்துக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நான் உழைத்த காசை நானே இரந்து வாங்க வேண்டும். இரண்டு வருஷம் பொறுத்தேன். பிறகு, என் பெயரில் ஒரு பேங்க் கணக்குத் திறக்காமல் ஓய்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

பேங்க் படிவத்தில், சொந்த நாட்டு வீட்டு விலாசம் எழுத ஓர் இடம் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. இலங்கையில், எங்கள் இறப்பர் தோட்டத்துக்கு அருகே யட்டியாந்தோட்டை பஜாரில் முஸ்லிம் நானா ஒருவர் வைத்திருக்கும் பலசரக்குக் கடையின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். வரிசையாக ஒட்டிய ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட லயத்துக்குத் தபால்காரர் ஏறி வருவதில்லை. தோட்ட ஆபீசுக்குப் போகும் கடிதம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் கல்யாணப் பத்திரிகை, பரீட்சை முடிவு, கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் நானா கடைக்கே வரும். தராசுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். சாமான் வாங்கப் போகும்போது எடுத்து வருவோம்.

பேங்கில் இருந்த பெண் அந்த விலாசத்தைக் கம்ப்யூட்டரில் தேடி, திரையை என் பக்கம் திருப்பினாள். அதே கடை. வாசலில் தொங்கும் விளக்குமாறும் பிளாஸ்டிக் வாளியும் அப்படியே தெரிந்தன. ஊரைக் கண்ட சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"இது கடை. உன் வீடு எங்கே?" என்றாள். வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி கொண்டு வா என்று படிவத்தைத் திருப்பித் தந்தாள்.

லீவில் ஊருக்கு வந்த மறுநாளே தோட்ட ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எழுத்துல எல்லாம் குடுக்க ஏலாதும்மா. இன்னைக்கு ஒனக்குக் காம்பரா நம்பர் போட்டுக் குடுத்தா, நாளைக்கு லயமே வந்து, தோட்டத்து வீடு எங்களுதுன்னு நிக்கும்."

"வீடு வேணாங்க. நாங்க அங்க இருக்கோம்னு எழுதுனா போதும்."

"தொரைகிட்ட கேக்கணும்."

தொரை என்றால் தோட்ட மேனேஜர். தொரை கொழும்பில், தொரை மீட்டிங்கில், தொரை சாப்பாட்டில். கிளாக்கர் கொடாக்கண்டன் என்றால் நான் விடாக்கண்டன். மூன்று நாள் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் என்னைக் கண்டதும் கிளாக்கர் பின்கதவால் போய்விட்டார்.

"ஏன்டி இந்த வம்பு?" என்றார் அம்மா. "கேட்டா அந்தக் கிழவி மகன் காச குடுக்கிறாருதானே?"

"கேக்கணுமேம்மா. அதுதான் எனக்குப் புடிக்கல."

அடுத்த நாள் அம்மா இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்முன், பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து என் பையில் வைத்திருந்தார்.

வதிவிடச் சான்றிதழ் எழுதித் தரும் கிராம சேவகரிடம் போனேன். "வீட்டு நம்பர் என்ன நங்கி?" என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் சிங்களத்தில் கேட்டார். நம்பர் கிடையாது என்றேன். தோட்டத்தில் கடிதம் வாங்கி வரச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விறுவிறுவென்று வாசல்வரை வந்துவிட்டேன். அங்கே சுவரில், போன தேர்தலில் ஒட்டிய நோட்டீஸ் ஒன்று பாதி கிழிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிப் போனேன்.

"மாத்தயா," என்று சிங்களத்திலேயே கேட்டேன், "ஓட்டு லிஸ்ட் எழுத எங்க லயத்துக்கு வந்தீங்கதானே? அதுல எங்க வீட்ட என்னன்னு எழுதுனீங்க?"

அலமாரியைத் திறந்து லிஸ்ட்டை எடுத்தார். விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். கீழ்ப் பிரிவு, நாலாம் லயம், ஒன்பதாம் நம்பர். அம்மாவின் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.

"ஓட்டுப் போட மட்டும் நமக்கு வீடு இருக்குதாக்கும்" என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் புரியும் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே சான்றிதழை எழுதி முத்திரை குத்தினார்.

அன்று சாயந்தரம் ஒரு சின்ன டின் பெயின்ட் வாங்கி வந்து எங்கள் கதவில் 4/9 என்று எழுதினேன். "எங்க கதவுக்கும் ஒண்ணு போடு தங்கச்சி" என்று பக்கத்துக் காம்பரா அக்கா வந்து நின்றார். பெயின்ட் முடியும்வரை போட்டேன்.

சைப்ரஸ் பேங்கில் இந்த முறை அதே பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கணக்குத் திறந்தாயிற்று. மாதக் கடைசியில் கிழவியம்மாவின் மகனிடம் போய் நின்றேன். அவர் வழக்கம்போலப் பர்ஸை எடுத்தார்.

"எவ்வளவு வேண்டும்? எதற்கு?"

கணக்கு நம்பர் எழுதிய துண்டை மேசையில் வைத்தேன்.

"முழுதும். இதுவரை வைத்திருப்பதையும் சேர்த்து."

அவர் துண்டை எடுத்துப் பார்த்தார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

"இன்றைக்கே போடுங்கள்" என்று சொல்லிவிட்டு, கிழவியம்மாவுக்குச் சூப் சூடாக்கப் போனேன்.