இருபத்து மூன்றாம் எண் பெட்டி

என் தம்பி மெத்தை வேலை செய்கிறவன். சோபா, கார் இருக்கை, சினிமா கொட்டகை நாற்காலி என்று எது கிழிந்து வந்தாலும் பிரித்து, பஞ்சு மாற்றி, துணி போட்டுத் தைத்துக் கொடுப்பான். முப்பத்தொரு வருடமாக ஒரே பட்டறை. அவன் தைத்த தையல் விட்டுப்போய்த் திரும்பி வந்த சாமான் இரண்டே இரண்டு. அதில் ஒன்று நாய் கடித்தது.

ஆனால் அவனைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தது மெத்தைக்காக அல்ல. ஐரோப்பிய ராஜா ராணிகளின் பதக்கங்களை வைத்திருந்த காலிப் பெட்டிகளை அவன் ஏலத்தில் எடுத்துச் சேர்க்கிறான். பதக்கமும் நாணயமும் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. காலிப் பெட்டி சேர்ப்பவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

முடிசூட்டு, கல்யாணம், ஆட்சிக்கு வந்து இத்தனை ஆண்டு என்று அந்த அரசர்கள் பதக்கம் அடித்தார்கள். நல்ல பதக்கம் என்றால் தோல் ஒட்டிய சிறு பெட்டியில் வரும். உள்ளே வெல்வெட், நடுவில் பதக்கம் உட்காரும் வட்டப் பள்ளம். நூறு வருடத்தில் கைமாறிக் கைமாறிப் பதக்கம் ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமும் போய்விடும். பதக்கத்தைத் தேடுவார்கள். பெட்டியைத் தேட ஆளில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் பழம்பொருள் ஏலம் விடும் ஓர் இடத்துக்கு அவன் நாற்பது நாற்காலிகள் தைத்து எடுத்துப் போனான். அன்று நாணய ஏலம் நடந்துகொண்டிருந்தது. சாமான் வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் மேடையில் இருந்ததால் ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தான். பதினொரு காலிப் பெட்டிகளை ஒரு தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனார்கள். யாரும் கை தூக்கவில்லை. தட்டு இவன் பக்கம் வந்தபோது குனிந்து பார்த்திருக்கிறான். உள்ளே இருந்தது அசல் பட்டு வெல்வெட். இந்தக் காலத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத நெசவு. துணி ஆசையில் கை தூக்கிவிட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் ஒன்றைத் திறந்து நீட்டினான்.

“மோதிரம் இல்லாத மோதிரப் பெட்டிய நீட்டற புருஷன் எனக்கு மட்டும்தான் கெடச்சிருக்காரு” என்றாள் அவள். இன்றைக்கும் யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டாள்.

அந்தப் பதினொன்றிலும் என் தம்பி ஒரு காரியம் செய்தான். வெல்வெட் நசுங்கிப் படிந்து கிடந்தால் மெத்தைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. ஆவி காட்டினான். மெல்லிய தூரிகையால் படிந்த இழைகளை எதிர்ப்பக்கமாக வாரினான். பதினொரு பெட்டியிலும் வெல்வெட் நேற்று வாங்கியது போல் எழுந்து நின்றது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். நானும் பாராட்டினேன்.

அடுத்த வருடம் ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்க்க விடும் நாளில், பெட்டியோடு இருந்த ஒரு பதக்கத்தை அவன் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். அடியில் வெல்வெட்டில் அந்தப் பதக்கத்தின் உருவம் பதிந்திருந்தது. விளிம்பு எங்கே அழுத்தியது, எவ்வளவு கனம், எந்தப் பக்கம் சாய்ந்து இருந்தது எல்லாம் துணியில் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

“பதினொண்ணுக்கும் அடையாளம் அதுலதான் இருந்துச்சுக்கா. நானே ஆவி காட்டி அழிச்சிட்டேன்.”

அந்தப் பதினொன்றுக்கும் எந்தப் பதக்கம் சொந்தம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அளவு பொருந்தும் பதக்கம் ஆயிரம் இருக்கும். அதற்குப் பிறகு அவன் எந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு தூசியைக்கூட ஊதியதில்லை.

பெட்டி வந்ததும் பள்ளத்தின் விட்டம், ஆழம், துணியில் உள்ள தடம் எல்லாம் அளந்து சொல்வான். நான் நோட்டில் எழுதுவேன். எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் இருபத்தாறு வருடம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தவள். அரை மில்லிமீட்டர் விட மாட்டேன். ஏலப் பட்டியல் தபாலில் வந்தால் நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்து நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். இதுவரை அறுபத்து நான்கு பெட்டிகள். அதில் ஒன்பதுக்கு உள்ளே இருக்க வேண்டியது கிடைத்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதும் வெண்கலம். அதுவரைக்கும்தான் எங்கள் கை எட்டும்.

அதில் எனக்குப் பிடித்தது, 1902 ஜூன் 26 என்று தேதி போட்டது. இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டுக்கு அன்று முடிசூட்டுவதாக இருந்தது. இரண்டு நாள் முன்னால் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. பதக்கமோ முன்பே அடித்தாகிவிட்டது. “பத்திரிகை அடிச்சப்புறம் தேதி மாறுன கல்யாணம் மாதிரி” என்றாள் தம்பி மனைவி. அவளும் பார்க்காதது போல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இனி இருபத்து மூன்றாம் எண் பெட்டி. அரக்குச் சிவப்புத் தோல், கொக்கி ஒன்று. பள்ளம் ஐம்பத்தாறு மில்லிமீட்டர் பதக்கத்துக்கானது. அதன் அடித்துணி மற்ற எல்லாப் பெட்டிகளையும்விட ஆழமாக நசுங்கியிருந்தது. பக்கச் சுவரில், கடிகாரத்தில் ஐந்து மணி இருக்கும் இடத்தில், நகம் அழுத்தியது போல் சிறு பிறை வடிவத் தடம். வந்த அன்றே தம்பி சொல்லிவிட்டான், இதில் இருந்தது தங்கம் என்று. ஒரே அளவில் தங்கம் வெள்ளியைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம், துணி பொய் சொல்லாது என்பது அவன் வாதம். பிறைத் தடம், பதக்கத்தின் விளிம்பு எங்கோ விழுந்து அடிபட்டுப் பிதுங்கிய இடம் உரசியதால் வந்தது. யாரோ பல வருடம் எடுத்துப் பார்க்காமலே மூடி வைத்திருக்கிறார்கள். எட்டு வருடமாக ஒவ்வொரு பட்டியலிலும் அவன் முதலில் தேடியது அந்தப் பிதுக்கத்தைத்தான்.

போன வருடம் வந்த பட்டியலில் அது இருந்தது. விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்த 1897-இல் அடித்த தங்கப் பதக்கம். ஐம்பத்தாறு மில்லிமீட்டர். ஒரு பக்கம் முக்காடு போட்ட முதிய முகம், மறுபக்கம் அதே ராணியின் சிறு வயது முகம். ‘விளிம்பில் ஓர் அடி. பெட்டி இல்லை.’

நான் நோட்டைத் திறந்து இருபத்து மூன்றாம் எண்ணின் அளவைச் சரிபார்த்தேன். தம்பி அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தான். மதிப்பீட்டில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு தொகை போட்டிருப்பார்கள். அவன் கையிருப்பும் என் வைப்பு நிதியும் சேர்ந்தால் கீழ்த்தொகைக்கு வரும். வங்கிக்கு மறுநாளே நான் போய்விட்டேன். அவன் மனைவியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மோதிரப் பெட்டிப் பகடியைக்கூட அந்த வாரம் விட்டுவிட்டாள்.

பார்வை நாளன்று பெட்டியைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். பதக்கப் பிரிவைக் கவனிக்கும் அம்மாவுக்குத் தம்பியை நன்றாகத் தெரியும். ‘காலிப்பெட்டி’ என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். கையுறை கொடுத்தார். தம்பி பதக்கத்தைப் பெட்டிக்கு மேலே பிடித்து, அடிபட்ட இடம் ஐந்து மணிக்கு வரும்படி திருப்பி, விட்டான்.

உள்ளே இறங்கியபோது சத்தமே வரவில்லை. பிதுக்கம் பிறைக்குள் போய் நின்றது. அந்த அம்மா உருப்பெருக்கியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு வழி இருக்கு. பெட்டியக் கொடுத்தீங்கன்னா, பதக்கத்துக்குச் சொந்தக்காரர்கிட்டப் பேசி ஒரே பொருளா ஏலத்துல வெக்கறேன். விலையில உங்களுக்கு ஒரு பங்கு வரும். ஆனா நீங்களும் விக்கறவர் ஆயிடுவீங்க. விக்கறவர் அதே பொருளுக்குக் கை தூக்கக் கூடாது.”

“இன்னொண்ணு?” என்றான் தம்பி.

“பெட்டிய மூடி எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வந்து ஏலம் கேளுங்க. நான் எதையும் பாக்கல.”

ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும் என்றார். நாங்கள் வெளியே நடைபாதையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றோம். எனக்கு யோசிக்கவே எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு ஏலம் கேட்பதுதான் வழி. பணம் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. இதையெல்லாம் அவனிடம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவன் பையைத் தோளில் மாட்டாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“நமக்குக் கெடைக்கலன்னா?” என்றான்.

“கெடைக்கும்டா.”

“கெடைக்கலன்னா சொல்லு. எடுத்தவன் யாருன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க. அது எங்கயோ பிளாஸ்டிக் டப்பாவுல கெடக்கும். இது நம்ம அலமாரியில கெடக்கும். மறுபடி நூறு வருஷம்.”

“அப்ப எட்டு வருஷம் தேடுனது எவனுக்கோ தூக்கிக் கொடுக்கவா?”

“தேடுனது கெடச்சிருச்சுக்கா. உள்ள உக்காந்தத நீயும்தான பாத்த.”

“பாத்தேன். அதனாலதான் சொல்றேன், வாய மூடிட்டு வா.”

அவன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சண்டை போட்டால் ஜெயித்துவிடலாம், பேசாமல் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நாலு ஐம்பதுக்கு உள்ளே போய்ப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். ரசீதை என்னிடம் கொடுத்தான். பேருந்தில் நான் அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

ஏலத்தன்று போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவனைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பதக்கத்தை அறிவிக்கும்போது, தன் சொந்தப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது, வெல்வெட் தடத்தை வைத்து உறுதி செய்யப்பட்டது என்று மேடையிலிருந்து வாசித்தார்கள். இரண்டு மூன்று பேர் திரும்பித் தம்பியைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு பல் டாக்டர் கேட்டுக்கொண்டே போனார். தொலைபேசியில் ஒருவர் விடவில்லை. கடைசியில் தொலைபேசிக்குப் போனது, எங்கள் தொகையைவிட ஏலத்தில் நான்கு படி மேலே. பெட்டி சேராமல் இருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று நான் பலமுறை கணக்குப் போட்டுவிட்டேன். சில நாள் எங்களுக்குக் கிடைத்திருக்கும் என்று வருகிறது, சில நாள் இல்லை என்று வருகிறது.

எங்கள் பங்குக்கான காசோலையை வாங்க ஒரு வாரம் கழித்து மறுபடி போனோம். பொட்டலம் கட்டும் அறையைத் தாண்டித்தான் அலுவலகம். தம்பி சட்டென்று நின்றான். மேசைமேல் அந்தப் பதக்கம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பெட்டி தனியாக வேறொரு அட்டைக்குள் இருந்தது. பொட்டலம் கட்டும் பெண் நாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

தனித்தனியாகவா அனுப்புகிறீர்கள் என்று கேட்டான். பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் வழியில் ஆடி அடிபடும், எப்போதும் இரண்டு பொட்டலம்தான், சில சமயம் ஒன்று முன்னால் ஒன்று பின்னால் போய்ச் சேரும் என்றாள். ஒன்று போய்ச் சேராமலும் இருந்திருக்கிறது என்று அவளே சொன்னாள்.

“ஆடாதும்மா. ஒரு நிமிஷம் கொடுங்க.”

அவள் உள்ளே எட்டிப் பார்த்து, பதக்கப் பிரிவு அம்மா தலையசைத்ததும் கையுறையை நீட்டினாள். தம்பி பதக்கத்தை உறையிலிருந்து எடுத்தான். அடிபட்ட இடத்தை ஐந்து மணிக்குத் திருப்பி இறக்கினான். தன் பையிலிருந்த மெல்லிய பஞ்சு விரிப்பில் ஒரு வட்டம் வெட்டி, அதை வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து மேலே வைத்து மூடினான். கொக்கியை மாட்டி, பெட்டியை அவள் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினான். மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“ஒண்ணுமே கேக்கலையே” என்றாள்.

இரண்டு முகவரிச் சீட்டில் ஒன்றைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரே பொட்டலமாகக் கட்ட ஆரம்பித்தாள். எடுத்தவர் பெயர் போட்ட மற்றச் சீட்டு மேசைமேல் நிமிர்ந்துதான் கிடந்தது. தம்பி கையுறையைக் கழற்றிக்கொண்டே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பார்த்துவிட்டேன். அவன் கேட்டால் சொல்வேன். இதுவரை கேட்கவில்லை.