ஒல்லாந்துக்காரர் சொன்ன பொய்

வெளிநாட்டில், வில்லரே என்ற பகுதியில் பேக்கரி வைத்திருந்த அந்த ஒல்லாந்துக்காரருக்குப் பூசணிக்காய் போல முகம். வாய் மூடாது. கதைக்காதவனைக் கண்டால் பிடிக்காது. அகதியாக வந்த புதிதில், ஒருநாள் பார்ப்போம் என்று என்னைச் சேர்த்தார். பிடித்தால்தான் தொடர்ந்து வேலை.

அன்று வருடத்தின் கடைசி நாள். பனிக்குள் சனம் தெருமுனை வரை நின்றது. திராட்சை வற்றல் போட்ட மா உருண்டைகளைப் பொரித்து, சீனி தூவித் தின்றுதான் ஒல்லாந்துச் சனம் புதுவருடத்துக்குப் போகுமாம்.

"ஊமையை வைச்சு நான் எப்பிடி விக்கிறது?" என்று ஆங்கிலத்தில் திட்டியபடி, முதல் உருண்டையை என் வாயில் திணித்தார்.

"வாழைப்பழம் போட்டால் நல்லாயிருக்கும்," என்று முணுமுணுத்தேன்.

மனுசன் என் சாப்பாட்டுப் பையிலிருந்த பழங்களை எடுத்துப் பிசைந்து மாவில் போட்டுவிட்டார். எண்ணெய்த் தாச்சியிலிருந்து எழும்பிய வாசம்! வாங்கிப் போன சனம் திரும்பி வந்து வரிசையில் நின்றது.

"இது என்ன புதுசு?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"என்ரை ஊரிலை இப்பிடித்தான் சுடுறது," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பச்சைப் பொய்! இது வாய்ப்பன்! யாழ்ப்பாணத்து வாய்ப்பன்!" என்று கடை அதிரக் கத்தினேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்பிடியே கத்திக் கத்தி வில்லும். புதுவருசம் கழிய வேலைக்கு வாரும்."

பின்னேரம் வரை கத்திக் கத்தி விற்றேன். மனுசன் எங்கள் பலகாரத்தைக் களவெடுக்கப் பார்த்தாரா, என் வாயைத் திறக்கத்தான் அப்படிச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.