மே மாதத்தில் ஒரே ஒரு பெயர்

அந்தப் பதிவேட்டில் மே மாதத்துப் பக்கத்தைத் திறந்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மகளிர் விடுதியின் மாலை வருகைப் பதிவேடு அது. காலிகோத் துணி ஒட்டிய அட்டை, மூலைகளைக் கரையான் தின்றிருக்கிறது. ஏப்ரல் பக்கம் வரைக்கும் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மே மாதத்தில் ஒரே ஒரு பெயர், அது என்னுடையது. முதல் தேதியிலிருந்து முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் தினமும் மாலை ஆறு மணிக்கு நான் போட்ட கையெழுத்து. முதல் வாரத்தில் கோபத்தில் பேனா தாளைக் கிழித்திருப்பதுகூடத் தெரியும். அந்தக் கையெழுத்துகளை என்னிடம் வாங்கியவர் எங்கள் வார்டனம்மா.

வார்டனம்மாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். ஊரிலிருந்து வரும் பலகாரப் பொட்டலத்தை முகர்ந்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். எங்களைப் பார்க்க வருகிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் மாமா என்றே சொல்லிக்கொள்வார்கள். "எந்த மாமா? ஆத்தா கூடப் பொறந்த மாமாவா, இல்ல நேத்துப் பொறந்த மாமாவா?" என்று வாசலிலேயே கேட்பார். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். நாங்கள் அவரை மனதாரத் திட்டினோம். ஆனால் குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ஏறாத ஊரில் கொஞ்சம் காப்பியும் ஏலமும் வைத்திருந்த என் அப்பா, இப்படியொரு அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகத்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். பஸ்சை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் மலை ஏற வேண்டிய ஊர் எங்களுடையது, தினமும் போய் வருவது நடக்காத காரியம். விடுதி இருந்தால் படிப்பு, இல்லையென்றால் அத்தை மகன். என் நிலைமை அவ்வளவுதான். மலையிலிருந்து வந்த மற்றப் பிள்ளைகளுக்கும் அதே கதைதான், அத்தை மகன்தான் வேறு வேறு.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது பல்கலைக்கழகத் தலைமையிடத்திலிருந்து பெரியவர்கள் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். எங்கள் போடி வளாகத்துக்கு நீண்டகால வளர்ச்சித் திட்டம் போட்டிருக்கிறார்களாம். கட்டில் அகலத்துக்கு ஒரு வரைபடத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். முதல் கட்டம் சிவப்பு, இரண்டாம் கட்டம் மஞ்சள், மூன்றாம் கட்டம் பச்சை. பச்சையில் எங்களுக்கு மூன்று மாடி விடுதி, அறைக்கு இரண்டே பேர், சுற்றிலும் மரங்கள். எட்டுப் பேர் ஓர் அறையில் கிடந்த நாங்கள் கைதட்டினோம் பாருங்கள், கூரை பிய்ந்துகொண்டு போயிருக்கும். வார்டனம்மா மட்டும் தட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, நாங்கள் நின்றுகொண்டிருந்த பழைய விடுதி எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினார். அந்த இடத்தில் சிவப்பில் விருந்தினர் மாளிகை என்று எழுதியிருந்தது.

"சார், இடிக்கிறது சிவப்புல இருக்கு, கட்டுறது பச்சையில இருக்கு. நடுவுல பிள்ளைக எங்கன படுக்கும்?" என்று கேட்டார்.

காரில் வந்தவர்களில் ஒருவரான பொறியாளர் சிரித்தார். "அது டிரான்சிஷன் பீரியடும்மா. தற்காலிகமா வெளிய ஏற்பாடு பண்ணுவோம்."

"வெளியன்னா எங்க? ஏலக்காக் கடை மாடியிலயா?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கோ அவர் மேல் எரிச்சலாக வந்தது. நல்லது ஒன்று நடக்கப்போகிற நேரத்தில் இந்தம்மா ஏன் குறுக்கே கால் நீட்டுகிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். காதில் விழுந்திருக்க வேண்டும், திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

ஏப்ரல் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. விடுதிக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், விடுமுறைக்கு மாணவியர் அனைவரும் சாமான் செட்டோடு காலி செய்ய வேண்டும். "நாங்க தொண்டை வத்தக் கேட்டப்பல்லாம் வராத வெள்ளை, இப்ப எங்கேருந்து வருது?" என்று வார்டனம்மா முணுமுணுத்தார். மறுநாள் பெட்டியோடு இறங்கி வந்த என்னை வாசலிலேயே நிறுத்தினார். "நீ போக வேண்டாம் ஆத்தா. லீவு முடியுற மட்டும் இங்கனயே இரு." காரணம் கேட்டதற்கு, "சோலி இருக்கு" என்றதோடு சரி. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்கு முந்தைய வாரம்தான், போடி பஸ் நிலையத்தில் குரங்கணி ஜீப்புக்காரரோடு நான் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தார். அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாயை வாங்கியதற்கு இந்தத் தண்டனையா என்று கட்டிலில் விழுந்து அழுதேன்.

அதைவிடப் பெரிய கொடுமை பிறகு வந்தது. நான் வரவில்லையே என்று அப்பா மலையிறங்கி வந்தார். அவரிடம் வார்டனம்மா கண் இமைக்காமல், "அரியர் பேப்பர் இருக்கு, இருந்து படிக்கணும்" என்று சொன்னார். எனக்கு ஒரு பாடத்திலும் அரியர் கிடையாது. இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அப்பா என் முகத்தைப் பார்க்காமல் வாசல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைப் படியில் வைத்துவிட்டு, "படி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் முதுகு தெரு முனையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷம் வார்டனம்மாவை நான் வெறுத்ததைப் போல வேறு யாரையும் வெறுத்ததில்லை.

மே பாதியில் ஒரு மத்தியானம், அதே பொறியாளர் அளவு நாடாவும் இரண்டு ஆட்களுமாக வந்தார். ஒரு தாளை நீட்டி வார்டனம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார். அந்தம்மா வாய்விட்டுப் படித்தார்: மாணவியர் எவருமின்றிக் கட்டடம் காலியாக உள்ளது எனச் சான்றளிக்கிறேன். "வெள்ளையடிக்கச் சுவரு காலியா இருந்தாப் போதாதா சார்? கட்டடமே எதுக்குக் காலியா இருக்கணும்?" என்றார். அது நடைமுறை என்றார் பொறியாளர். வார்டனம்மா உள்ளே திரும்பி, "ஆத்தா, வெரசா இங்க வா" என்று கூப்பிட்டார். நான் சாப்பிட்ட கையோடு வந்து நின்றேன். "இந்தா நிக்குது. தெனமும் ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடுது. புள்ளை இருக்கையில இல்லைன்னு நான் எப்படி எழுதித் தர?" என்று பதிவேட்டை விரித்துக் காட்டினார். பொறியாளர் என்னைப் பார்த்த பார்வை, ஏதோ நானே அவருடைய சிவப்புக் கட்டத்தில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்று அடம்பிடிப்பது போல இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வார்டனம்மா சந்தேகப்பட்டது என்னை அல்ல, காலி என்று எழுதி வாங்கிக் கட்டடத்தை இடித்துவிடுவார்களோ என்றுதான்.

உண்மையிலேயே அவர்கள் வெள்ளையடிக்கத்தான் வந்தார்களோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. சமையல்கட்டின் பின்னால் நான்கு மூட்டைச் சுண்ணாம்பு கிடந்ததை நானே பார்த்தேன். ஜூன் மாதம் எல்லோரும் திரும்பி வந்தார்கள், எட்டுப் பேர் அறையில் மறுபடி எட்டுப் பேர் படுத்தோம். விருந்தினர் மாளிகை வேறு இடத்தில் எழும்பியது. பச்சை விடுதி படத்திலேயே நின்றுவிட்டது. வெயில் பட்டு அந்தப் படத்தில் முதலில் வெளிறியதும் பச்சைதான். ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று வார்டனம்மாவிடம் கேட்டேன். "சொன்னா நீ நாலு பேர்ட்டச் சொல்லுவ" என்றார். அப்பாவிடம் என்ன சொல்வது என்றேன். "அதை நீயே சொல்லிக்க" என்று பருப்பு புடைக்கப் போய்விட்டார். மன்னிப்பெல்லாம் அவர் அகராதியில் இல்லை. மதிப்பெண் பட்டியலை அப்பாவிடம் கொடுத்தபோது, முன்பக்கம் முழுவதும் பார்த்துவிட்டு, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஏதோ மறைத்து எழுதியிருக்கும் என்று அவருக்குக் கடைசிவரை ஓர் ஐயம். விடுதியைக் காப்பாற்ற அந்தம்மா என் பெயரைச் செலவழித்துவிட்டார். அந்த விடுதி இருந்ததால்தான் படித்து முடித்தேன். இரண்டும் உண்மை, எனக்கு இரண்டும் ஆறவில்லை.

இப்போது அதே வளாகத்தில் தாவரவியல் நடத்துகிறேன், விடுதிப் பொறுப்பும் என்னிடம்தான். வார்டனம்மா காலமாகிவிட்டார். கட்டடம் இன்னும் நிற்கிறது, மழைக்கு நடுக்கூடத்தில் வாளி வைக்கிறோம். இந்த ஆண்டு புதிய திட்டம் வந்திருக்கிறது. இந்த முறை திரையில் படமே ஓடியது. பிள்ளைகள் மடிக்கணினியோடு புல்வெளியில் நடக்கிறார்கள், பறவைகள் பறக்கின்றன, ஓரிடத்திலும் மழை பெய்யவில்லை. பழைய விடுதி முதல் கட்டத்தில் போகிறது, புதியது இரண்டாம் கட்டத்தில் வருகிறது. நடுவில் எங்கே படுப்பது என்று நானும் எழுந்து கேட்டேன். டிரான்சிஷன் என்றார்கள். போன வாரம் சுற்றறிக்கை வந்தது: கரையானுக்கு மருந்தடிக்கப் போகிறார்கள், விடுமுறைக்கு அனைவரும் காலி செய்ய வேண்டும். கரையான் இருப்பது மெய்தான், பதிவேடே சாட்சி. இடிக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கட்டிவிட்டு இடிக்கட்டும்.

தேவாரம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியை அழைத்து, மே முழுவதும் இருக்க முடியுமா என்று கேட்டேன். "ஏன் மேடம், எம்மேல எதுவும் சந்தேகமா?" என்றாள். நான் வார்டனம்மா செய்த தவறைச் செய்யவில்லை. உட்காரவைத்து, சுற்றறிக்கையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். இஷ்டமில்லை என்றால் போகலாம் என்றேன். யோசித்துவிட்டு, இருக்கிறேன் என்றாள். அவள் அப்பாவையும் போனில் பிடித்து, ஒன்று விடாமல் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "மேடம், மறைக்காமச் சொல்லுங்க. எம்புள்ள பெயிலாயிருச்சா? நான் ஒண்ணும் வைய மாட்டேன்."

இல்லை அய்யா, இல்லை என்று நான் சொன்ன குரல் எனக்கே பொய் போலக் கேட்டது. போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் பேசி முடித்து வந்ததும், புதிய பதிவேட்டில் மே மாதத்துப் பக்கத்தைத் திறந்து முதல் வரியில் அவள் பெயரை எழுதி, பேனாவை நீட்டினேன். பழைய பதிவேடு பக்கத்திலேயே விரிந்து கிடந்தது, என் பெயரும் கிழிந்த தாளுமாக. அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டாள்.