உயிரோடிருந்த அண்ணனுக்குப் போட்ட மாலை

என் அண்ணன் கணேசமூர்த்தி இந்தியக் கடற்படையில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவர். அதில் பாதிக்கு மேல் விமானத்தில். பிறந்தது வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய பத்தடிக் காம்பிரா அறைகளில் ஒன்றில். அவரைப் பற்றிப் பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 1957-ல் அவரை நான் சாகடித்த கதையைத் தாண்டிப் பேனா நகர மாட்டேன் என்கிறது. அதையே எழுதித் தொலைக்கிறேன்.

யுத்த காலத்தில் களுத்துறைப் பக்கம் வெள்ளைக்காரக் கடற்படைக்கு ஒரு விமானத் தளம் இருந்தது. பதினாறு வயதில் அண்ணன் அங்கே விமானம் கழுவும் வேலைக்குப் போனார். அங்கே பிடித்த பைத்தியம்தான். 1948-ல், இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்ததும், தலைமன்னாரில் கப்பலேறிப் போய் இந்தியக் கடற்படையில் சேர்ந்துவிட்டார். பிறகு கொச்சியில் விமானப் பிரிவு தொடங்கியபோது அதில் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரிலும் இறங்கும் விமானம். அண்ணன் அதை ஓட்டுபவர் இல்லை. பின்னால் உட்கார்ந்து கம்பியில்லாத் தந்தி பார்ப்பவர். "எங்கண்ணன் பிளேன் ஓட்டுறாரு" என்று தோட்டம் முழுக்க அளந்துவிட்டவள் நான்.

குடும்பம் என்றால் அவருக்கு உயிர். ஞாயிறு தவறாமல் கடிதம் எழுதுவார். அம்மாவின் பாதத்தை நூலால் அளந்து அனுப்பச் சொன்னார். அடுத்த மாதம் அட்டை ஏறாத ரப்பர் சப்பாத்து வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனால் கங்காணி கிண்டல் பண்ணுவார் என்று அம்மா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அண்ணி நாகலெட்சுமிக்குப் பெண் பிறந்தபோது, பிள்ளைத் துணியெல்லாம் இவரே துவைத்தாராம். முகாமில் எல்லோரும் சிரித்தார்கள் என்று அண்ணி எழுதியிருந்தாள்.

அப்பா ஆண்டியப்பன் 1951-ல் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். ஆறு வருஷம் தூங்கிய விண்ணப்பம் திடீரென்று விழித்துக்கொண்டது. விசாரிக்க ஆள் வரப்போவதாகச் செய்தி வந்தது. இந்தியாவோடு தொடர்பு இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்று லயத்தில் ஒரே பேச்சு. கடிதம் வந்ததற்கே ஒருவரைத் தள்ளிவிட்டார்களாம். மகனே அந்த நாட்டுக் கடற்படையில் என்றால்? இந்தத் தோட்டத்திலேயே கண்ணை மூட வேண்டும் என்று கிடந்த அப்பா, இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

"செத்துட்டாருன்னு சொல்லிருவோமேப்பா" என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, "வேற வழி இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணனின் கடிதங்களையெல்லாம் அடுப்பில் போட்டோம். புதிதாக வந்தவற்றுக்குப் பதில் எழுதவில்லை. அவர் ஹட்டனில் படித்த காலத்துப் படம் ஒன்று இருந்தது. அதைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, கீழே விளக்கு வைத்தேன். கண்ணாடியில் பொட்டு வைக்க அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பெத்த கையால வைக்க மாட்டேன்டி" என்று வெளியே போய்விட்டாள். குங்குமத்தை நானே குழைத்து அண்ணன் நெற்றியில் வைத்தேன்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு சிங்கள ஐயா, நல்ல மனுஷன். தோட்டத்துப் பிறப்புப் பதிவைப் பார்த்து, "கணேசமூர்த்தி எங்கே?" என்று கேட்டார். களுத்துறையில் காய்ச்சலில் போய்விட்டார் என்று அப்பா படத்தைக் காட்டினார். அம்மா அழுதாள், அது நிஜ அழுகை. அந்த ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பெயரைக் கோடு போட்டு அடித்தார். லயமே சுற்றி நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள்.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லாததால் பதறிப்போய், லீவு எடுத்துக்கொண்டு அண்ணன் புறப்பட்டு வந்துவிட்டார். அண்ணியும் பிள்ளையும் கூட. பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தபோது, மூவரும் காம்பிராவுக்குள் நின்றார்கள். அண்ணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தாலியை இறுகப் பிடித்திருந்தது.

"யாரு பூரணி இப்படி பண்ணினது?" என்று அண்ணன் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"சரி, விடு. அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கெடச்சாப் போதும்" என்றார். மாலையைக் கழற்றப் போன அம்மாவையும் தடுத்தார். "இருக்கட்டும்மா. அவுங்க திரும்பவும் வந்து பாத்தாங்கன்னா?"

அண்ணனுக்கு ஒரு வாய் ஊட்டிவிடக்கூட அம்மாவுக்கு நேரமில்லை. யாராவது வெளியாள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று அப்பா வாசலிலேயே நின்றார். வட்டவளை ஸ்டேஷனுக்குப் போனால் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று, அடுத்த ஸ்டேஷனான ரொசல்ல வரைக்கும் நடந்தே போய் மாலை ரயில் பிடித்தார்கள். அண்ணி என் பக்கம் திரும்பாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் வழியனுப்பவும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அடுத்த வருஷம் முடிவு வந்தது: விண்ணப்பம் நிராகரிப்பு. 1940-ல் தாத்தாவுக்குச் சீக்கு என்று இந்தியாவில் இருக்கும் ஊருக்குப் போன அப்பா, பதினாலு மாதம் அங்கே தங்கிவிட்டாராம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருக்கக் கூடாதாம், அதுதான் காரணம். அந்த ஆபீஸ் இங்கிலீஷ் எனக்குப் புரியாததால் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். அண்ணனைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அவர் உயிரோடு இருந்திருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

எங்கள் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியா எடுத்துக்கொள்வதாக இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆன மறுவருஷம், 1965-ல், வேறு போக்கிடமில்லாமல், அங்கே போக எழுதிக் கொடுக்க அப்பா கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்குப் போனார். உங்களைப் பொறுப்பேற்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். அப்பா அண்ணன் பெயரைச் சொன்னார். அவரிடமிருந்து சத்தியக் கடிதம் வேண்டும் என்றார்கள். எட்டு வருஷம் கழித்து நான்தான் எழுதினேன். மன்னிப்பு கேட்கக்கூடத் துணிவில்லை. விஷயத்தை மட்டும் நாலு வரியில் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. சத்தியக் கடிதத்தோடு, கடற்படையில் சேர்ந்த நாளில் அவர் எழுதிக் கொடுத்த குடும்ப விவரத்தின் நகலும் இருந்தது. வருஷா வருஷம் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். 1957, 58, 59 என்று எல்லா வருஷத்துக்கும் கையெழுத்து இருந்தது. தகப்பனார் ஆண்டியப்பன், உயிருடன். தாயார் ராக்காயி, உயிருடன். தங்கை பூரணி, உயிருடன்.

அப்பா சத்தமாக வாசிக்கச் சொன்னார். என் பெயர் வரைக்கும் என்னால் வாசிக்க முடியவில்லை.