இடித்த வீட்டிலிருந்து மூன்று தட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே முதலில் சிரிக்கிற ஆள் நான். இதைப் படித்து நீங்களும் சிரிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திருவண்ணாமலையில் கோயிலை ஒட்டிய பழைய தெரு எங்களுடையது. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது. முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டுச் சுவரை மூன்று தட்டு தட்டுவார், அவர் அடுத்த சுவரைத் தட்டுவார், அப்படியே தெருவே குடத்தோடு எழுந்துவிடும். எங்களுக்குத் தட்டுவது கரீம் பாய் வீட்டம்மா, பூரிக்கட்டையால். அவர்கள் லாட்ஜ் கட்டுகிறவருக்கு வீட்டை விற்றுவிட்டு வேலூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள். வீட்டை இடித்துப் பள்ளமும் தோண்டியாகிவிட்டது. அடுத்து லாட்ஜ்காரர் எங்கள் வீட்டையும் விலைக்குக் கேட்டார். என் மனைவி ரேவதிக்கு ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் குடிபோக ஆசை.

"தட்டிச் சொல்லக்கூட ஆளில்லாத தெருவுல இன்னும் என்னங்க இருக்குது?"

மறுநாள் சம்மதம் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

அன்று மதியம் சாப்பிடும்போது கரீம் பாய் பக்கத்துச் சுவரில் டொக், டொக், டொக். ரேவதி பழக்கத்தில் குடத்தோடு ஓடி, "வந்துடுச்சுங்க!" என்று கத்தினாள். எனக்குத்தான் உறைத்தது. மாடியேறி எட்டிப் பார்த்தேன். பள்ளம், செங்கல், தூங்கும் நாய். எங்கள் சுவரைத் தட்ட அந்தரத்தில்தான் நிற்கவேண்டும். நம்பினால் நம்புங்கள், நான் இறங்கிவிட்டேன், என் வேட்டி மாடிப்படியிலேயே நின்றுவிட்டது. சோற்றுக் கையோடு போன் போட்டேன்.

"பாய், எல்லாரும் உயிரோடதான இருக்கீங்க?"

"இன்னா சார் கேள்வி இது? இப்பதான் சாப்ட்டு படுத்தேன்."

"வீட்டுல?"

"பூரிக்கட்டையக் காணோம்னு கத்திக்கினு இருக்கா."

போனை வைத்தேன். ரேவதியோ நிறைகுடத்தோடு நின்று, "அந்தப் பக்கம் தட்டினீங்களா? அவங்க தண்ணி புடிக்க வேணாமா?" என்றாள். மறுசுவரைத் தட்டினேன். தட்டியதும் ஒரு திமிர் வந்தது. ஆளே இல்லாத வீடு தன் வேலையைச் செய்கிறது, ஆளாய் இருக்கிற நான் ஓடுவதா?

மறுநாள் வந்த லாட்ஜ்காரரிடம், "வீடு குடுக்கறதா இல்ல. நீங்க லாட்ஜ் கட்டிக்கங்க, என் செவுத்துல மட்டும் கை வெக்காதீங்க" என்றேன். ரேவதி குடத்தைக் கழுவி அந்தச் சுவரோரமே வைத்தாள்.

பிறகும் பலமுறை தட்டியிருக்கிறது, தண்ணீரும் வந்திருக்கிறது. போன வாரம் மட்டும் மூன்று தட்டும் தெளிவாகக் கேட்டது. ஓடிப்போய்த் திறந்தால் குழாயில் சொட்டு இல்லை. எங்கள் தெருவில் மூன்று தட்டு என்றால் வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வந்தது எதுவோ, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், நான் காலி செய்ய மாட்டேன்.